வாங்க முடியாததற்கே முதல் பணம்

1971 டிசம்பர் 9 இரவு, இந்திய-பாகிஸ்தான் போரில், டையூவுக்கு அப்பால் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். நீர்மூழ்கியைத் தேடிப் போன கப்பல் அது. ஆனால் பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கிதான் முதலில் அதைக் கண்டுகொண்டது. குக்ரியின் சோனாருக்கு எட்டும் தூரம் போதவில்லை. கடற்படை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்று யோசிப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். கடைச்சரக்காகக் கிடைக்காததும், நம் கடலுக்கென்றே செய்ய வேண்டியதும் எதுவோ அதற்கே முதல் பணம் என்பது என் கட்சி.

நீருக்கடியில் ரேடார் உதவாது. ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காது கொடுக்க வேண்டியதுதான்; அதைச் செய்யும் கருவிதான் சோனார். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். வம்பே அதில்தான். வெயிலில் மேல்நீர் சூடேறியதும், நேராகப் போக வேண்டிய ஒலி குளிர்ந்த கீழ்நீரை நோக்கி வளைந்துவிடும். காலையில் தெளிவாகக் கேட்ட எதிரொலி பிற்பகலில் காணாமல் போகும். ஒலி விழாத அந்த மறைவில் நீர்மூழ்கி சாவகாசமாக நிற்கலாம். வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் படர்ந்து கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. வட அட்லாண்டிக்கை மனத்தில் வைத்துச் செய்த கருவிக்கு இதெல்லாம் புதிது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் விட்டிருக்கும் மிதவைகள் 500 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தையும் உப்பையும் அளக்கின்றன. அதை வெறும் வானிலைச் செலவு என்று ஒதுக்கக் கூடாது.

ஆராய்ச்சி முடியும்வரை எதிரி காத்திருப்பானா என்று கேட்பார்கள். இடைக்காலத்துக்கு வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் விற்கிறவர் தன்னிடமுள்ள மிகச் சிறந்ததை எளிதில் விற்க மாட்டார். போருக்குப் பின் சோனாரைச் சீராக்கும் வேலையில் இறங்கியவர் பொள்ளாச்சியில் பிறந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ். கொச்சி ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான அப்சோ சோனார் 1980களில் நம் போர்க்கப்பல்களில் ஏறியது. அப்படியானால் எஞ்சினும் சொந்தமாக வேண்டாமா என்பது வலுவான கேள்விதான். 1989இல் அனுமதி பெற்ற காவிரி எஞ்சின் தேஜஸ் விமானத்துக்குப் போதவில்லை; அதன் கப்பல் வடிவமும் சோதிக்கப்பட்டது. 2022இல் பணியில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் ஓடுவதோ அமெரிக்க வடிவமைப்பு டர்பைன்களில். எஞ்சின் வராவிட்டால் கப்பல் தாமதமாகும். சோனார் பொய்த்தால் கப்பலே போய்விடும். எஞ்சினை நான் இரண்டாவதாக வைப்பது அதனால்தான்.

கடலையே பார்க்காத திருவண்ணாமலைக்காரர் இதற்கு ஏன் வரி கட்ட வேண்டும்? பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் செல்போனோடு நடக்கிறார்கள். பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல தகவல்களை அனுப்பும் மைமோ முறை 4ஜி, 5ஜி இரண்டிலும் உண்டு. அதற்காகப் பால்ராஜ் 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். பல ஒலிவாங்கிகளில் விழும் ஓசையைப் பிரித்தறியும் சோனார் கணக்குக்கு அது நெருங்கிய சொந்தம். ஆனால் இதை என் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்த மாட்டேன். எதிர்பாராத பலனைக் காட்டி எந்தத் திட்டத்தையும் நியாயப்படுத்திவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு. மைமோ பிறந்தது கொச்சியில் அல்ல, பால்ராஜ் பிறகு போய்ச் சேர்ந்த அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில். கருவி கப்பலில் ஏறிய பிறகும் அதைச் செய்தவர்களை அடுத்த கருவிக்காக வைத்துக் காப்பாற்றும் செலவும் அந்த முதல் பணத்தில் சேர்ந்ததுதான்.