டிரெய்லருக்கும் பிரேக் வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

ஒரு வண்டியை விலை பேசும்போது அது எவ்வளவு பாரம் இழுக்கும் என்று கேட்கிறோம். அந்தப் பாரத்தோடு எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்பவர் அரிது. இழுப்பது இயந்திரத்தின் திறமை. நிறுத்துவது உயிர் சம்பந்தப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாம்பழப் பருவம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்துச் சாலைகளில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசையாகச் செல்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஓசூர்ப் பக்கம் போனால் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றியவை. நான் பார்த்த டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவதும் வாடகைக்கு ஓடும் ஒரு டிராக்டரே. சென்ற ஆண்டு பழைய டிரெய்லரைக் கழித்துவிட்டுப் புதிதாக நான்கு சக்கர டிரெய்லர் கட்ட முடிவானபோது, பிரேக் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. "இருபது வருசமா பிரேக் இல்லாமத்தானே ஓட்டறோம்" என்றார் மாமா. "காலேஜுல படிக்கிறவன் நீ, கணக்குப் போட்டுச் சொல்லுப்பா" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்ததை வீட்டுக் காரியத்துக்குப் பயன்படுத்த வாய்த்த அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

சமதளத்தில்

டிராக்டரின் எடை 2,000 கிலோ என்றும், பாரத்தோடு டிரெய்லரின் எடை 5,000 கிலோ என்றும் கொள்வோம். வேகம் மணிக்கு 30 கி.மீ.; அதாவது வினாடிக்கு 8.33 மீட்டர். டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. அச்சக்கரங்களின் மேல் அழுந்தும் எடை 1,200 கிலோ, சாலையோடு உராய்வுக் கெழு 0.6 என்று வைத்துக்கொண்டால், கிடைக்கக்கூடிய அதிகபட்ச நிறுத்து விசை ஏறத்தாழ 7,000 நியூட்டன். பெடலை எவ்வளவு பலமாக மிதித்தாலும் இதற்கு மேல் கிடைக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

டிரெய்லர் இல்லாத டிராக்டர் இந்த விசையால் சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். டிரெய்லரைக் கோத்துவிட்டால், அதே 7,000 நியூட்டன் இப்போது 7,000 கிலோவை நிறுத்தியாக வேண்டும். நிற்கும் தூரம் 34 மீட்டர் ஆகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கால் வைப்பதற்குள் கடக்கும் எட்டு மீட்டரையும் சேர்த்தால் 42 மீட்டர். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு இந்த இடைவெளி கிடைக்குமா?

இறக்கத்தில்

நமது மாவட்டம் சமவெளி அன்று. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையே மேடும் இறக்கமும் மாறி மாறி வரும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், புவியீர்ப்பு நமது வண்டியை 3,400 நியூட்டன் விசையோடு முன்னே இழுக்கிறது. பிரேக்கின் விசையில் பாதி இதை எதிர்ப்பதற்கே செலவாகிறது. நிற்கும் தூரம் 67 மீட்டர். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவிலோ ஈர்ப்பு விசையும் பிரேக்கும் ஏறக்குறையச் சமம். கணக்குப்படி வண்டி நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். சுருங்கச் சொன்னால், நிற்காது.

வெப்பத்தையும் மறக்கலாகாது. 20-க்கு 1 சரிவில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வண்டி 50 மீட்டர் தாழ்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 34 லட்சம் ஜூல். பன்னிரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. டயர்களும் இயந்திரமும் இதில் ஒரு பங்கை ஏற்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் இயந்திரத்தின் பங்கு பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் சூடேறச் சூடேற அதன் பிடிப்புக் குறையும்.

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. டிராக்டர் தயங்க, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. வளைவில் அந்தத் தள்ளு விசை டிராக்டரைப் பக்கவாட்டில் திருப்ப, இரண்டும் மடக்குக் கத்தியைப் போல மடங்கிவிடும். வயலில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக் பெடல்களைத் தனித்தனியே வைத்திருப்பார்கள். அவற்றைச் சாலையில் இணைத்துப் பூட்டாமல் ஓட்டினால் இந்த ஆபத்து இரட்டிப்பாகும்.

பிரேக் வைத்தால்

டிரெய்லரின் பிரேக் உயர்தரமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசையைத் தந்தாலே போதும். சமதளத்தில் 34 மீட்டர் 14 ஆகிறது. 20-க்கு 1 சரிவில் 67 மீட்டர் 18 ஆகிறது. பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே சக்கரங்களின் பிடிப்பும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

இந்த உண்மையை ரயில்வே முன்பே கற்றது. ஆரம்ப காலத்தில் ஆட்கள் பெட்டிகளின் மேல் ஏறிக் கையால் பிரேக்கைத் திருகினார்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1872-இல் அவர் செய்த மாற்றம் இன்னும் முக்கியமானது: குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பெட்டிகள் தாமாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும்.

படகை டிரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வழக்கமுள்ள பிரிட்டனில், பிரேக் இல்லாத டிரெய்லருக்கு மொத்த எடை 750 கிலோவே உச்சவரம்பு. படகை இறக்கும்போது சக்கரம் உப்பு நீரில் மூழ்கி டிரம் துருப்பிடிக்கும் என்ற குறை அங்கும் உண்டு. எனினும் எடை மிகுந்தால் பிரேக் கட்டாயம். ஒகேனக்கல் பரிசலை ஒருவர் தலையில் கவிழ்த்துத் தூக்கிச் செல்கிறார். அதற்கு இந்தக் கவலை இல்லை. நமது மாங்காய் டிரெய்லரோ அந்த வரம்பைப் போல் ஆறு மடங்குக்கும் மேல்!

சிறு டிரெய்லர்களில் தள்ளு விசையையே பிரேக்காக மாற்றும் எளிய முறை உண்டு. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே தள்ளும். கொக்கியில் உள்ள தண்டு உள்ளே அழுந்தி, கம்பி வழியாகப் பிரேக்கை இழுக்கும். பின்னோக்கி எடுக்கும்போது மட்டும் அது பிடிக்காதபடி தடுப்பு வேண்டும். பெரிய பாரத்துக்குக் காற்றுப் பிரேக்கோ எண்ணெய்ப் பிரேக்கோ சிறந்தது.

எதிர்வாதங்கள்

மாமா சொன்னவற்றில் நியாயமும் இருந்தது. செலவு அதிகம், சேறு புகும், இரு பக்கமும் சமமாகப் பிடிக்காவிட்டால் வண்டி ஒருபுறம் இழுக்கும். இவை உண்மையே. ஆனால் இவையெல்லாம் பராமரிப்புக்கான காரணங்கள்; பிரேக்கே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல. அனுபவம் கையைப் பழக்கும். உராய்வுக் கெழுவை மாற்றாது. பட்டறையில் கேட்ட தொகை ஒரு பருவத்து வாடகையில் பெரும்பகுதியை விழுங்கியது. தங்கைக்கு வாங்க நினைத்த தையல் இயந்திரம் தள்ளிப்போயிற்று. ஆயினும் அப்பா பிரேக்கோடுதான் கட்டினார்.

நண்பர்களே! நம்மில் பலர் டிராக்டர் உள்ள வீடுகளிலிருந்து வருகிறோம். பிரேக் வைக்க இயலாதவர்களிடமும் சிலவற்றைச் சொல்லலாம்: பாரத்தைக் குறையுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலைத் தொடாதீர்கள், சாலைக்கு வந்ததும் இரு பெடல்களையும் பூட்டுங்கள். தேர்வுத்தாளில் நாம் எழுதும் சூத்திரம் சாலையிலும் அப்படியே செல்லும் என்பதை எடுத்துச் சொல்வது படித்த நமது கடமை அன்றோ?