மாலைக்கண்: நெற்களஞ்சியத்தின் மறுபக்கம்

பொழுது சாய்ந்ததும் குழந்தை சுவரைத் தடவி நடக்கிறது. தட்டிலிருக்கும் சோற்றைத் துழாவுகிறது. வைட்டமின் ஏ குறைபாட்டின் முதல் எச்சரிக்கையான மாலைக்கண் நோய் இது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் ரோடாப்சின் என்னும் நிறமி விழித்திரையில் உருவாவதற்கு வைட்டமின் ஏ இன்றியமையாதது.

குறை நீடித்தால் விழி வறள்கிறது. வெண்விழியில் நுரை போன்ற பிட்டாட் புள்ளிகள் தோன்றுகின்றன. கருவிழிப் படலம் புண்ணாகி உருகினால், சில நாள்களிலேயே பார்வை நிலையாகப் பறிபோகலாம். கேடு கண்ணோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்படலங்களும் நலிவதால் தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன. தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் உயிரைப் பறிக்கின்றன.

தஞ்சைக்கு அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளிப் பகுதியில் 15,419 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு, பெறாதோரைவிட 54 விழுக்காடு குறைவாக இருந்தது.

நெல் கொழிக்கும் நாட்டில் இக்குறை ஏன்? தீட்டிய அரிசியில் வைட்டமின் ஏ இல்லை. காவிரிப் படுகையின் பண்ணையாள்களுக்கோ கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியிலும் கூலி உயர்வுக் கோரிக்கையே இருந்தது. அந்தக் கூலிநெல் பசியாற்றும், கண்ணைக் காக்காது. அதற்கு முருங்கைக்கீரை, பால், முட்டை, ஈரல் வேண்டும்; கீரையின் சத்து உடலில் சேரச் சிறிது எண்ணெயும் வேண்டும்.

முருங்கை நடுவதற்கு மனை வேண்டுமே! மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டவர், எந்நாளும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் எதனை நட்டு வளர்ப்பார்? வேளாண் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு மனையை உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. வைட்டமின் ஏ மிகுந்த உணவுகளுள் ஒன்று மாட்டு ஈரல். அதனை உண்போரையோ சாதியம் இழித்துரைக்கிறது.

இந்திய அரசின் வைட்டமின் ஏ வழங்கும் திட்டம் 1970இல் தொடங்கியது. ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் அலகு, பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் அலகு என்பது நடைமுறை. நம் ஊர்ச் சேரியில் எத்தனை குழந்தைகள் இதனை முழுமையாகப் பெற்றுள்ளனர் என்று அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நாம் கேட்க வேண்டும். மருந்து உயிர் காக்கும். ஆயினும் ரேஷன் அரிசியோடு உணவுரிமை முடிந்துவிட்டதாகக் கருதினால், நெற்கூலிக் காலத்துக் குறையே தொடரும். முட்டையும் பாலும் கீரையும் வாங்கப் போதிய கூலி, மரம் நட மனைப்பட்டா, விரும்பியதை இழிவின்றி உண்ணும் உரிமை ஆகியவற்றையும் சேர்த்தே நாம் கோருகிறோம்.