கடைசி வீட்டுக்கு ஏன் தண்ணி வரலை?

 

நம்ம பக்கத்து ஊர்களில் காலையில் அதிகம் கேட்கும் கேள்வி, "தண்ணி வந்துச்சா?" என்பதுதான். முதல் தெருவில் குடம் நிரம்பி வழியும். கடைசித் தெருவில் குழாய் 'புஸ்' என்று காற்று விடும். ஒரே டேங்க், ஒரே குழாய். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

டேங்க் எப்படி வேலை செய்கிறது?

போர் தண்ணீரை மோட்டார் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. அதுக்கப்புறம் கரண்டே வேண்டாம். உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். குழாயில் ஓட ஓட உராய்வால் அது குறையும். வழியில் எத்தனை குழாய் திறந்திருக்கோ, அத்தனைக்கும் பங்கு போகும். அதனால் கடைசி வீட்டுக்கு மிச்சம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிறைந்தால் 545 பேருக்குத்தான் போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலைக்கு வந்து, சுற்றுப்பட்டு ஊர்களில் வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துத்தான் எண்ணணும். அவங்களுக்கும் தாகம் எடுக்கும்தானே!

குழாயில் மோட்டார் வைத்தால்?

சில வீடுகளில் தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அப்போது கடைசி வீடு காய்வது மட்டும் இல்லை. குழாய்க்குள் அழுத்தம் போய், வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். விரிசல் பக்கத்தில் சாக்கடை இருந்தால் அந்தத் தண்ணியும் உள்ளே வரும்! கிருமியைக் கொல்ல டேங்கில் குளோரின் கலக்கிறார்கள். வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். சாக்கடை கலந்தால் அதுவும் தீர்ந்துவிடும். வாந்திபேதி, மஞ்சள் காமாலை வர இது போதும். மோட்டார் வைத்த வீட்டுக்கும் அதே தண்ணிதான்.

"வீட்டுக்கு வீடு போர் போடலாமே?"

மீஞ்சூரைப் பாருங்கள். சென்னைக் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால், அங்கே கடல்நீர் நிலத்துக்கடியில் புகுந்துவிட்டது. கடல்நீர் கனமானது; நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. கடலோரத்தில் நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் உப்புநீர் சுமார் 40 அடி ஏறும் என்பது அறிவியல் கணக்கு. இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்புக்குத்தான் பக்கத்தில் போவோம்.

நாம் என்ன செய்யலாம்?

* வீட்டில் தரைமட்டத் தொட்டி கட்டி, தண்ணீர் தானாக விழட்டும். அதிலிருந்து மாடிக்கு மோட்டார் போடலாம், தப்பில்லை.
* குடம் நிறைந்ததும் குழாயை மூடணும்.
* சாக்கடை ஓரம் குழாய் கசிந்தால் அன்றே ஊராட்சியில் சொல்லணும்.
* மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. டேங்க் எப்போது கழுவினார்கள், குளோரின் தினமும் போடுகிறார்களா என்று அங்கே பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

டேங்க் நிறைஞ்சா போதாது. கடைசி வீட்டுக் குடமும் நிறையணும். அப்பத்தான் அது ஊர்த் தண்ணி!

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு