கட்டிலுக்கடியில் ஒரு மீட்டர் கேஜ்

பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் செய்த பழைய ரகப் பயணிகள் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். மாடல் ரயிலின் அளவுக்காக அதை 87-ஆல் வகுத்தால் 24.5 சென்டிமீட்டர், அரை முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அப்படி இருபது பெட்டிகளைக் கோத்தால் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் 4.9 மீட்டருக்கு நீளும். கத்தாரில் 2014-இல் வந்த அமைச்சக ஆணைப்படி தொழிலாளர் அறையில் நான்கு பேருக்கு மேல் தங்கக்கூடாது. ஆளுக்கு 6 சதுர மீட்டர் இடம் இருக்க வேண்டும். நான்கு பேருக்கு 24 சதுர மீட்டர். அறை சரியான சதுரமாக இருந்தால் ஒரு சுவரின் நீளம் அதே 4.9 மீட்டர். பெட்டிகள் மட்டும் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சினுக்கு இடம் இருக்காது.

தோஹா தொழில்பேட்டையில் ரயில் மாடல் செய்ய ஆசைப்படுகிறவருக்கு முதல் கணக்கு இதுதான்.

அந்தப் பேட்டைக்கு வாய்மொழியில் பெயர் ‘சனையா’. ‘தொழில் சார்ந்தது’ என்ற பொருளுள்ள அரபுச் சொல்லைத் தமிழர், மலையாளி, நேபாளி, வங்காளி எல்லோரும் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கராஜ், வெல்டிங் பட்டறை, லேத், தச்சுக்கூடம், ஏ.சி. பழுது பார்க்கும் கடை, டயர்க்கடை, அவற்றை ஒட்டியே தொழிலாளர் கேம்ப்கள். வாரத்தில் ஆறு நாள் டூட்டி, வெள்ளிக்கிழமை விடுப்பு. அன்றைக்குத் துணி துவைத்து, முடி வெட்டிக்கொண்டு, ஊருக்குப் பேசி முடித்தால் மதியம் தாண்டிவிடும். மிச்சமுள்ள நேரம் இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு மாதிரி கழியும், ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு வேறு மாதிரி. இளைஞர்கள் கிரிக்கெட் மட்டையோடு கிளம்புவார்கள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்.

அந்தப் பெரியவர் ஒரு லேத் ஆப்பரேட்டர், ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அவர் வளைகுடாவுக்குக் கிளம்பிய காலத்தில் காரைக்குடி–பட்டுக்கோட்டை–திருவாரூர் தடத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லீவில் போனபோது தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள். இன்னொரு லீவில் அகலப்பாதை வந்திருந்தது. செங்கோட்டைக்காரருக்கும் இதே கதைதான்: 1904 முதல் மலையைக் குடைந்து கொல்லம் போன மீட்டர் கேஜ் தடம் 2010-இல் நின்றது, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பியது. ராமநாதபுரத்துக்காரருக்குப் பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது 2007-இல். எல்லா ஊருக்கும் அது நல்லதே செய்தது. ஆனாலும் ஒரு தலைமுறையின் ரயில், அவர்கள் கண் பார்க்காத நேரத்தில் போய்விட்டது. தாம்பரம் மின்ரயிலும் முத்துநகர் எக்ஸ்பிரஸும் ஓடிய ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை இன்று தமிழ்நாட்டில் பயணிகளோடு பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைரயிலுக்குத்தான் போக வேண்டும்.

மாடல் ரயிலில் அது இன்னும் ஓடலாம். கணக்கும் அவர்களுக்குச் சாதகமாகவே விழுகிறது.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே இடம் சுருங்கிய வரலாறு. 1891-இல் லைப்சிக் சந்தையில் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் பொம்மை ரயிலுக்கு அளவுத் திட்டம் வகுத்தபோது அது மாளிகைக் கூடத்துத் தரைக்கானது. 1920-இல் வந்த ஹார்ன்பி ரயில்களின் ‘ஓ’ கேஜ் தண்டவாளம் 32 மில்லிமீட்டர் அகலம். வீடுகள் சிறுத்தன, 1930-களில் 16.5 மில்லிமீட்டருக்கு இறங்கிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் அர்னால்ட் நிறுவனம் 9 மில்லிமீட்டர் ‘என்’ கேஜைக் கொண்டுவந்தது. 1972-இல் மெர்க்லின் 6.5 மில்லிமீட்டர் ‘இசட்’ கேஜில் இறங்கியது; அதில் ஒரு முழு ஊரையே ப்ரீஃப்கேஸுக்குள் அடக்கலாம். இட நெருக்கடியில் வாழ்ந்தவர்கள்தான் இதை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் சனையாவின் கட்டிலும் சேரத்தக்கது.

இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 19.3 வர வேண்டும். ஆனால் உலகச் சந்தையில் கிடைக்கும் ‘எச்.ஓ’ தண்டவாளம் 16.5தான்; அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு அளந்து செய்தது. அதனால் அதன்மேல் நிற்கும் இந்திய எஞ்சின் எப்போதும் கால் ஒடுங்கியே தெரியும். அதே தண்டவாளம் தோஹா மெட்ரோவுக்கு அச்சாகப் பொருந்தும், மெட்ரோவின் பாதை 1435 என்பதால். சுரங்கம் தோண்டும் 21 எந்திரங்கள் ஒரே நேரத்தில் பூமிக்குள் வேலை செய்து கின்னஸில் பதிவான திட்டம் அது. 2019 மே 8 அன்று முதல் தடம் திறந்தது. வேலை செய்தவர்களில் தமிழர்களும் உண்டு. தான் வார்த்த கான்கிரீட்டின் வழியே ஓடும் ரயிலைச் சிறிதாகச் செய்து வைக்க ஆசைப்படும் ஒருவருக்கு அளவு எந்தத் தடையும் சொல்லாது.

மீட்டர் கேஜுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒரு மீட்டரை 110-ஆல் வகுத்தால் 9.1 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் ‘என்’ கேஜ் தண்டவாளமும் அதே 9 மில்லிமீட்டர். ஆக, ஜப்பானிய ‘என்’ கேஜ் எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே அட்டையிலோ பித்தளைத் தகட்டிலோ 110-இல் ஒரு பங்கு அளவில் ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சினின் உடலைச் செய்து மாட்டினால், தண்டவாளமும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று கச்சிதமாக நிற்கும். தகட்டை வெட்டி, மடித்து, ராவி முடிக்கும் வேலையைச் சனையாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைப் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில் விருந்து மேசைமேல் ஓடிய வெள்ளி ரயில் இன்றும் இருக்கிறது. விருந்தினருக்கு மதுவும் சுருட்டும் கொண்டுபோய்க் கொடுத்த ரயில். ஆனால் புணே கோத்ரூடில் 1998-இல் திறந்த ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் வேறொரு கைக்குச் சொந்தமானது. அதை உருவாக்கிய பாவ் ஜோஷி கருவிகள் செய்யும் சிறு தொழில் நடத்தியவர். ஓய்வு நேரத்தில் வளர்த்த ரயில்கள் ஒரு சிறு நகரமாகப் பெருகி, இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். பட்டறைக்காரர் ஒருவரின் ஆசை அது.

வெளியூரில் தங்கி இதைச் செய்ய முடியுமா என்பதற்குச் சாட்சி பாடகர் ராட் ஸ்டூவர்ட். எழுபதைத் தாண்டிய வயதில், 2019-இல், தன் ரயில் மாடலை அவர் ஒரு மாடல் ரயில் இதழில் காட்டினார். அமெரிக்க நகரம் ஒன்றைப் போல அமைந்த அந்த மாடலுக்கு 23 ஆண்டுகள் பிடித்தன. கச்சேரிப் பயணங்களில் ஓட்டலில் இன்னொரு அறை எடுத்து, மேசை போட்டு, வண்ண நெடி போக மின்விசிறி வைத்துக் கட்டடங்களைச் செய்திருக்கிறார். மின்இணைப்பு வேலைக்கு மட்டும் பிறர் உதவி தேவைப்பட்டது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தை அல்ல, முறையை: வீட்டை விட்டு வெளியே இருக்கும் நாட்களில் ஒவ்வொரு கட்டடமாக முடிப்பது, முடிந்ததைப் பெட்டியில் வைப்பது, எல்லாவற்றையும் ஒரு நாள் ஊரில் சேர்ப்பது.

கேம்பில் இதற்கு வேண்டிய பொருளில் பாதி குப்பைத் தொட்டியிலேயே இருக்கிறது. தச்சுக்கூடத்தில் விழும் ஒட்டுப்பலகைத் துண்டு அடிப்பலகை ஆகும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரை மிச்சம் விழுந்தால் அதைத் தண்டவாளத்துக்கு அடியில் ஒட்டலாம். ஒட்டாவிட்டால் பலகை மத்தளம் போல அதிரும். நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். குளிர்பதனப் பெட்டியைச் சுற்றி வந்த தெர்மக்கோலில் குன்று செதுக்கலாம். டீ வடித்த தூளைக் காயவைத்துத் தூவினால் மரத்தடிச் சருகு மண் அப்படியே வரும். ஜல்லிக்கு மணல் இருக்கிறது, அது சனையாவில் கேட்காமலே ஜன்னல் வழி வரும். ஒன்று மட்டும் முக்கியம்: ஒட்டுவதற்குமுன் மணலுக்குள் ஒரு காந்தத்தை அளைய வேண்டும். இரும்புத் துகள் இருந்தால் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்து எஞ்சினைக் கொன்றுவிடும். சலித்த மணலைப் பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், பசை மணலுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

மின்சாரத்துக்கும் பெரிய செலவில்லை. இந்த ரயில்கள் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில். ஷார்ட் ஆனால் தானே நிற்கும் நல்ல அடாப்டர் ஒன்றும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் போதும். தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தோஹாவின் ஈரக்காற்றில் எஃகு துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். ஷமால் என்னும் மணற்காற்று அடித்த மறுநாள் ஓட்டுவதற்குமுன் தடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய பென்சில் கிராஃபைட்டை ஒருமுறை இழுத்துவிடுவது பழைய கைகளின் வழக்கம். சுத்தமான தடத்தில் எஞ்சின் எறும்பு ஊர்வது போல நகரும். அந்த மெதுவான ஓட்டம்தான் கண்ணுக்கு உண்மையான ரயிலாகத் தெரியும்.

கண் என்றதும் வயதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘இசட்’ கேஜின் கொக்கியை மாட்ட ஐம்பத்தைந்து வயதுக் கண்ணுக்குத் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி வேண்டும். ஆகவே இடம் மிச்சமாகிறது என்று மிகச் சிறிய அளவுக்குப் போவது தவறு. அளவைப் பெரிதாக வைத்து ஊரைச் சிறிதாக்குவதே சரி.

அதற்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்த ‘இங்கிள்நுக்’ என்ற சிறு யார்டைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை. மூன்றே தடங்கள், இரண்டே பாயின்ட்டுகள். ஒரு தடத்தில் ஐந்து வேகனுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. ஆனால் வேகன்கள் மொத்தம் எட்டுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்து வேகன்களையும் எஞ்சினால் தள்ளி, இழுத்து, கழற்றி, கோத்து நிறுத்த வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720. வெள்ளிக்கு ஓர் ஆட்டம் ஆடினால் நூறு வருடத்துக்கு மேல் தாங்கும். சதுரங்கம் போல மூளைக்கு வேலை, ஆனால் எதிராளி வேண்டாம். சில நேரம் பத்து நிமிடத்தில் முடியும், சில நேரம் அரை மணி ஆகும். ‘என்’ கேஜில் இரண்டரை அடிப் பலகை போதும், கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். எட்டு வேகன்களில் ஒன்றில் உப்பு, ஒன்றில் நெல் மூட்டை, ஒன்றில் கருவாடு என்று எழுதி, யார்டுக்கு அதிராம்பட்டினம் என்றோ மானாமதுரை என்றோ பலகை நட்டால் பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்ப்பார். அவர் ஊர் ஸ்டேஷன் பெயரை எழுதச் சொல்வார். அவர் எந்த மாநிலத்துக்காரர் என்பது பொருட்டல்ல. உபக்கண்டத்தில் வளர்ந்த யாருக்கும் ரயில் பழகிய பொருள்.

கோடையில் இதற்கு இன்னும் நேரம் கிடைக்கும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று 2021-இல் கத்தார் விதித்திருக்கிறது. விடியலுக்கு முன்பே டூட்டிக்குப் போய்த் திரும்புகிறவருக்குப் பகலில் அறையும் ஏ.சி.யும் இருக்கும். குறைவது ஒரு மேசையும் நல்ல விளக்கும்தான். தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஏசியன் டவுனில் கிரிக்கெட் மைதானமும் திரையரங்குகளும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு, வெள்ளிக்கிழமைக் கூட்டமே அதைச் சொல்லும். அங்கெல்லாம் ஓடியாட முடியாத வயதுக்காரருக்கு ஒவ்வொரு கேம்பிலும் மெஸ்ஸை ஒட்டி ஒரு வேலைமேசை, அதன்மேல் வெள்ளை விளக்கு, சாமான் பூட்டி வைக்க ஓர் அலமாரி கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவல்ல. முப்பது வருடம் அடுத்தவர் அளவுக்கு இரும்பு கடைந்த கை தன் அளவுக்கு ஒரு சக்கரத்தைக் கடைய அந்த மேசை வேண்டும். நலப் பணியாளர்கள் இதைக் கேட்டு வாங்கித் தரலாம், வாங்கித் தரவேண்டும்.

விசா முடிந்து ஒருநாள் எல்லோரும் பெட்டி கட்டத்தான் வேண்டும். அதனால் இங்கே பலகையை அறுப்பதற்குமுன் கார்கோ பெட்டியின் உள் அளவை எடுத்துவிடுவது நல்லது. இரண்டாக மடியும்படி கீல் வைத்து, முகத்தோடு முகம் மூடினால் மரங்களும் ஸ்டேஷனும் உள்ளே பத்திரமாக இருக்கும். இடையில் ஒரு பழைய போர்வை. எஞ்சின்களைக் கார்கோவில் போடக்கூடாது. கைலித் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, கைப்பையில் மேலாக வைத்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்து எக்ஸ்ரேயில் மோட்டாரும் கம்பியும் தெரிந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டும்போது சக்கரத்தைப் பிடிக்காமல் உடலைப் பிடித்துத் தூக்க வேண்டும்.