காட்டுக்குக் கண் வந்தது, தொழிலாளிக்கு?

அமெரிக்காவிலே வேட்டைக்காரன் காட்டு மரத்தில் ஒரு காமிராவைக் கட்டிவைக்கிறான். மான் எந்த வழியே வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று அது படம்பிடித்துத் தருகிறது. வேட்டைப் பருவம் பிறந்ததும் அதே இடத்தில் போய்க் காத்திருக்கிறான். உளவு சொல்லக் காமிரா. உயிர் குடிக்கத் துப்பாக்கி!

நம் நாட்டில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிற்று. ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் அதே காமிரா புலிகளை எண்ணுகிறது. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அப்படிப் புலிக்கு அதன் வரி. ஒன்றுபோல் இன்னொன்றுக்கு இராது. கொல்ல வந்த கருவி, காக்க வந்துவிட்டது!

மதுக்கரையைப் பாருங்கள், தோழர்களே! 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. 2024-இல் தண்டவாளத்தோரம் 12 கோபுரங்கள் எழுந்தன. இருட்டிலும் உடற்சூட்டைக் கொண்டு யானையைக் கண்டுபிடிக்கும் காமிராக்கள் அவற்றில் உள்ளன. சேதி பறக்கிறது, ரயிலின் வேகம் குறைகிறது. செலவு 7 கோடியே 24 இலட்சம். நல்ல செலவு; நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ரயில் யானையை மோதாமலிருக்கக் கண் வந்துவிட்டது. விடியுமுன் தூக்குப்போசியோடு வேலைக்குப் போகிறானே தொழிலாளி, அவன் எதிரே யானை நிற்கிறதென்று சொல்ல எந்தக் கண் இருக்கிறது?

முடியாத காரியமா? இல்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலே செய்து காட்டியிருக்கிறார்கள். யானை நிற்கும் இடம் செல்போனில் குறுஞ்செய்தியாக வந்தது. உள்ளூர் கேபிள் டிவியில் ஓடிற்று. செல்போனாலே ஏற்றும் சிவப்பு விளக்கு தூரத்திலேயே எச்சரித்தது. யானை இருப்பது தெரியாமல் நேருக்கு நேர் போய் மாட்டிக்கொள்வதே பல சாவுகளுக்குக் காரணம். தெரிந்தால் விலகிப் போகலாம்!

ஆனால், அதே வால்பாறையில் 2025 ஜூனில், வீட்டருகே விளையாடிய தொழிலாளியின் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்றது. பிழைக்க வடக்கேயிருந்து வந்த குடும்பம் அது. இழவு விழுந்தபின் காமிரா கட்டி யாருக்கு என்ன பயன்?

நாம் கேட்பது இதுதான். லயன் வீடுகளின் ஓரத்திலும், மலையடிவாரப் பாதைகளிலும் அந்தக் கண் விழித்திருக்கட்டும். அது கண்டதை அதிகாரியின் மேசையில் புதைக்காமல், தொழிலாளியின் காதுக்கு, அவன் அறிந்த மொழியில், அந்த நிமிடமே சொல்லட்டும்.

யானையும் வாழட்டும், உழைப்பவனும் உயிரோடு வீடு திரும்பட்டும்!