கொல்லிமலை: 70 வளைவும் ஒரு சைக்கிளும்

நாமக்கல்லில் கிளம்பி, சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக மலையேறி, முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கி, ராசிபுரம் தொட்டுத் திரும்பும் வட்டம். இதற்குத் திட்டமிடும்போது கிலோமீட்டரைவிட உயரத்தைத்தான் எண்ண வேண்டும்.

காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏன்? அதே உயரத்தை நீளமான பாதையில் பரப்பினால் சரிவு குறையும். ஆனால் வளைவின் உட்புறம் தூரம் குறைவு, அதனால் அங்கே சரிவு அதிகம். இடப்பக்கமே ஓட்டுவதால், ஏறும்போது இடது வளைவுகள்தான் நம்மைப் படுத்தும். கியரை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஆளும் வண்டியும் 85 கிலோ, ஏற்றம் 1000 மீட்டர் என்று வைத்தால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 833 கிலோஜூல் தேவை. விடாமல் 150 வாட் கொடுப்பவருக்கு அதுவே 93 நிமிடம். டயர் உராய்வும் காற்றும் சேர்ந்தால் இரண்டு மணியை நெருங்கும். உண்ட ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூட மிதியை எட்டாமல் போகலாம். மீதி வெப்பம், வியர்வை. ஏறக்குறைய 1000 கலோரி செலவு. நாலு இட்லியோடு கிளம்புவது துணிச்சல்தான்!

இறங்கும்போது அந்த 833 கிலோஜூலும் எங்கேயாவது போயாக வேண்டும். ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சுடும், டியூபில் காற்றழுத்தம் ஏறும், வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள். இடைவெளியில் காற்றே ரிம்மை ஆற்றிவிடும்.