கையேடு குறைவான சாப்ட்வேரை எடைபோடுவது எப்படி?

சாலவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த மறுவாரமே அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, தமிழிலேயே புரோகிராம் எழுதலாமாமே, உண்மையா?"

உண்மைதான். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் மொழி. 2009-லேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 2013-ல் என். சொக்கனும் அவரும் சேர்ந்து எழுதிய நூலும் வந்தது.

ஆனால் எனக்கு ஒரு தயக்கம். அவள் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறை முழுவதையும் இதில் போடச் சொல்லி, பாதியில் சிக்கிக்கொண்டால்? பைத்தான் போன்ற மொழிகளுக்கு நூல்களும் பாடங்களும் ஏராளம். எழிலுக்கு அவ்வளவு இல்லை. எனவே மூன்று மாலைகள் நானே உட்கார்ந்து சோதித்தேன். விளக்கம் குறைவாக உள்ள எந்த சாப்ட்வேருக்கும் இந்த வழி பொருந்தும்.

1. உடன் வரும் பைல்களைப் படியுங்கள். எழில் ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கிறது. இலவசம் என்பதுடன், அது எழுதப்பட்ட மூல நிரலையும் திறந்து பார்க்கலாம். மாதிரி புரோகிராம்களே பாதிக் கையேடு.

2. எதன்மேல் இயங்குகிறது என்று பாருங்கள். எழில் பைத்தான் மீது இயங்குவது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியுடன் நின்றுவிட்டது. எனவே, பைத்தான் 3-ல் இயங்கும் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். எங்கள் ஒன்றியம் உத்திரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் உள்ளன. 921-ம் ஆண்டுக் கல்வெட்டின்படி, உறுப்பினராக 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். அதையே எழுதிப் பார்த்தேன்:

வயது = 42
@( வயது > 35 ) ஆனால்
    பதிப்பி "தகுதி உண்டு"
இல்லை
    பதிப்பி "தகுதி இல்லை"
முடி

‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்று நாம் பேசுவது போலவே இருக்கிறது அல்லவா? 42-க்கு ‘உண்டு’, 30-க்கு ‘இல்லை’. சரி. 75 கொடுத்தேன், ‘தகுதி உண்டு’ என்றது! எழிலைக் குறை சொல்லப் போனவன் நிறுத்திக்கொண்டேன். 70 என்ற மேல் வரம்பை நான் எழுதவே இல்லை. கையேடு குறைவாக இருக்கும்போது பழியை சாப்ட்வேர் மேல் போடுவது சுலபம். முதலில் நம் வரிகளைப் பாருங்கள்.

4. வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். கடைசியில் உள்ள ‘முடி’யை நீக்கி இயக்குங்கள். வரும் எர்ரர் செய்தியைப் படித்துத் தவறு இருக்கும் இடத்தை உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தனியாகக் கற்பவருக்கு அதுதான் வாத்தியார்.

5. நாளை இதை விட்டால் என்ன மிஞ்சும்? நிபந்தனை, சுழற்சி, நிரல்பாகம் ஆகிய மூன்றும் பைத்தானிலும் உண்டு. சொற்கள் மாறும், கற்ற யோசனை மாறாது.

இந்தக் கடைசிக் கேள்விதான் முடிவு சொன்னது. முதல் இரண்டு வாரம் எழில், பிறகு பைத்தான் என்று திட்டமிட்டோம். 70 வயது வரம்பை அண்ணன் மகளே சேர்த்துவிட்டாள். 75-க்கு இப்போது சரியான விடை வருகிறது. நீங்களும் முயன்று பாருங்களேன்!